தோட்டத்தில் அறிவியல் இருந்தது

"நம்ம தாத்தா பாட்டியெல்லாம் பால் மரம் வெட்டினவங்க. அவங்களுக்கு அறிவியல்னா என்னன்னே தெரியாது. நம்ம பிள்ளைங்கதான் முதல் தலைமுறையா அறிவியலுக்குள்ள வர்றாங்க." மலேசியாவில், வட சிலாங்கூரின் சுங்கை பெசார் வட்டாரத்தில் எந்தப் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். பேசுபவர் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார். மேடையில் ஒரு பிள்ளை புத்தாக்கப் போட்டியில் வாங்கிய பதக்கத்தோடு நிற்கிறது. அந்தப் பிள்ளையை உயர்த்திச் சொல்ல அதன் பாட்டியைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் நினைக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் கை தட்டுகிறார்.

இதே கருத்து வேறு இடங்களில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பொருளாதார அறிக்கைகளில் 'திறனற்ற தொழிலாளர்' என்று வருகிறது. கல்விக் கருத்தரங்குகளில் 'தோட்டச் சூழலில் அறிவியல் ஆர்வம் வளர வாய்ப்பில்லை' என்று வருகிறது. வீட்டுக்குள் வந்தால், "உங்க பாட்டன் கூலி வேலை செஞ்சு செத்தாரு, நீயாவது படி" என்று அப்பா பிள்ளையிடம் சொல்லும் சொல்லாகிறது.

இது மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. ஆனால் நான் மறுப்பது அதற்காக மட்டும் இல்லை. இந்தக் கருத்து உண்மைக்கு மாறானது, பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிறது. அறிவியல் எங்கோ வெளியிலிருந்து, இன்னொருவர் மொழியில், கண்ணாடிக் குழாய்களோடு வருவது என்று நம்பும் பிள்ளை தன் வீட்டு வாசலில் நடப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்காது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வட சிலாங்கூர் அறிவியல் எட்டாத மூலையாக என்றைக்கும் இருந்ததில்லை. 1917ல் பத்தாங் பெர்சுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவில் அதுதான் முதல். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் அந்த ஊர் இங்கிருந்து தூரமில்லை. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ல் தொடங்கியது. அதன் சோதனைத் தோட்டம் இதே சிலாங்கூரில், சுங்கை பூலோவில் இருந்தது. உலகம் முழுவதும் நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் அந்தக் கழகத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வெப்ப மண்டல வேளாண்மையில் இருபதாம் நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய சோதனைகளில் சில நம் கொல்லைப்புறத்தில் நடந்தன.

அந்தச் சோதனைகளின் எண்களை நோட்டில் எழுதியவர் யார் என்பது வரலாற்றில் இருக்கிறது. எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இல்லை. ஒரு ரகம் இன்னொரு ரகத்தைவிட எவ்வளவு கூடுதலாகப் பால் தருகிறது என்று ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே ஆழத்தில், ஒரே சரிவில், ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும். வெட்டுபவர் கை தவறினால் ஆராய்ச்சியாளர் எழுதும் எண்ணும் தவறும். அளவுகோலின் துல்லியம் கூலிக்கு வெட்டிய கையில் இருந்தது.

அந்தக் கை என்ன செய்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ரப்பர் மரம் ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் சுற்றளவுக்கு வந்த பிறகுதான் உளி வைப்பார்கள். நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்பக்கத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படலத்துக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் குறைவு. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் படலம் காயப்பட்டு, திரும்ப வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் உளி ஓடாது. அதனால் படலத்துக்கு வெளியே சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர்தான், கூடினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். இதை விடியாத இருட்டில், கொசுக்கடியில், ஒரு நிரையில் ஐந்நூறு மரம் என்ற கணக்கில், ஒரு மரத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் செய்தார்கள். படலம் கண்ணுக்குத் தெரியாது. உளி பட்டையில் ஓடும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பு மாறுவதை வைத்து ஆழத்தைக் கணித்தார்கள். இதைத் 'திறனற்ற' வேலை என்று எழுதியவர் உளியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

வெட்டுக்கோடு எப்போதும் இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே இறங்கும். ஏன் மாற்றி வெட்டக் கூடாது? பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை. எதிரே நின்று பார்ப்பவருக்கு அவை கீழிருந்து மேலாகச் சில பாகை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அந்தச் சாய்வைக் குறுக்கே அறுப்பதால் அதிகக் குழாய்கள் திறக்கும். மாற்றி வெட்டினால் அதே நீளத்துக்குக் குறைந்த குழாய்களே திறக்கும்.

விடியற்காலையில் ஏன் வெட்ட வேண்டும்? "வெயில் ஏறினா பால் நின்னுடும்" என்று தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். அது சரியான கவனிப்பு. காரணம் தண்ணீர் அழுத்தம். இரவில் இலை நீரை வெளிவிடுவது குறைவதால் மரம் தண்ணீரை உறிஞ்சி நிரப்பிக்கொள்கிறது. பால்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி, விடியும் முன் உச்சத்தில் நிற்கிறது. 1960களில் இதே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் என்ற இருவர் அதை நேரடியாக அளந்தார்கள். பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி இருந்தது, ஒரு கார் டயருக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கியதும் அது இறங்கிவிடுகிறது. பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஐந்து மணிக்கு நின்றவர்களின் உடம்பில் ஏறியிருந்த நேரக்கணக்கை அளவுமானி அரை நூற்றாண்டுக்குப் பிறகு உறுதி செய்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று வரும். அதை ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. "பழக்கம் வேறு, அறிவியல் வேறு. குழாய் சாய்ந்திருப்பது உங்கள் பாட்டிக்குத் தெரியுமா? அந்த வெட்டு முறையைக் கண்டுபிடித்தது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லிதானே? பாட்டி சொன்னபடி செய்தவர்தானே?"

ரிட்லியின் பங்கை மறுக்க மாட்டேன். 1888ல் சிங்கப்பூர் வந்த அவர் பிரேசிலில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்த முறையை விட்டு, ஒரே காயத்தை மெல்லச் சீவித் திறந்துகொண்டே போகும் முறையைப் பல ஆண்டு சோதனைகளில் நிறுவினார். அது பெரிய சாதனை. பாட்டிக்குக் குழாயின் சாய்வு தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அறிவியல் 'ஏன்' என்பதற்கான விடை மட்டுமா? அது கவனிப்பில் தொடங்குகிறது. எது மாறினால் எது மாறுகிறது என்று பிரித்துப் பார்ப்பதில் வளர்கிறது. நேற்று மழை, இன்று பால் தண்ணியாக இருக்கிறது. இலை உதிர்ந்து துளிர் விடும் மாதத்தில் பால் குறைகிறது. ஓய்வில்லாமல் வெட்டிய மரத்தில் வெட்டுக்கோடு காய்ந்து பால் வராமல் போகிறது. இவையெல்லாம் பிரித்துப் பார்த்த அறிவு. காரணம் தெரியாமல் போனது பாட்டியின் குறை இல்லை. காரணத்தை அவருக்குச் சொல்ல யாரும் கடமைப்படவில்லை. ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை துரை பங்களாவுக்குப் போனது, அங்கிருந்து கட்டளையாக மட்டும் நிரைக்கு இறங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரப்பர் வெட்டும் இயந்திரத்துக்காகப் பல நாடுகள் பல பத்தாண்டுகளாக முயல்கின்றன. மின்கத்தி வந்துவிட்டது. தானாக வெட்டும் இயந்திர மனிதர்களையும் சோதிக்கிறார்கள். இன்றைக்கும் உலகின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மனிதக் கைதான் வெட்டுகிறது. பொறியாளர்களால் இன்னும் முழுதாக எட்ட முடியாத ஒரு வேலையை, வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது.

பால் வெட்டி முடிந்ததும் கதை முடிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. மரத்தில் மாட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வருவார்கள். கணக்கெழுதும் கிராணியார் ஒரு கோலைப் பாலில் மிதக்க விடுவார். மெட்ரோலாக் என்று பெயர். அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடுகள். பாலின் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதை வைத்துப் பாலில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கு. அந்தக் கணக்கில்தான் சம்பளம்.

அந்தக் கோல் எப்படி வேலை செய்கிறது? ரப்பர் தண்ணீரைவிட எடை குறைந்தது. பாலில் ரப்பர் எவ்வளவு கூடுதலோ, பால் அவ்வளவு லேசு. லேசான பாலில் கோல் கூடுதலாக மூழ்கும். பாலில் தண்ணீர் கலந்தால் பால் கனத்து, கோல் மேலே எழும்பும். தண்ணீர் சேர்த்தால் தண்ணியாகித்தானே போகும், கோல் இறங்கத்தானே வேண்டும் என்று மனம் சொல்லும். நடப்பது நேர்மாறு. ஆர்க்கிமிடீஸ் விதி பால் ஸ்டோரில் தினமும் பத்து மணிக்கு மேல் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்களுக்கு அதன் ஒவ்வொரு கோடும் காசு. கோல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மனிதர்கள் எந்தப் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இருந்திருக்க மாட்டார்கள். கிராணி அவசரமாகக் கோலைத் தூக்கிவிட்டால் சண்டை வந்தது. அளவீட்டில் பிழை வரக்கூடும், அளப்பவரின் கண்ணும் அவசரமும் அளவை மாற்றும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறிவியல் மாணவருக்கு முதல் ஆண்டில் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது.

அடுத்து பாலில் சில துளி அமோனியா. ஏன்? பாலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும், பால் கட்டியாகும். ரப்பர்த் துகள்களைச் சுற்றியிருக்கும் புரத உறையின் மின்னூட்டம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குலைக்கிறது, அமோனியா காக்கிறது. தொட்டியில் ஊற்றிய பிறகு வேண்டுமென்றே பார்மிக் அமிலம் விட்டுக் கட்டியாக்குவார்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த இரண்டு வாசமும் தெரியும். ஒன்று கட்டவிடாது, மற்றது கட்டவைக்கும் என்பதும் தெரியும். இடைநிலைப்பள்ளி வேதியியல் வகுப்பில் அமிலம், காரம் என்ற பாடம் வந்தபோது அந்த இரண்டு வாசத்தையும் நினைவுபடுத்தியிருந்தால் அந்தப் பிள்ளைகள் வகுப்பிலேயே முதலாவதாகக் கை தூக்கியிருப்பார்கள். எங்கள் வகுப்பில் யாரும் நினைவுபடுத்தவில்லை.

சுங்கை பெசார் கடலோர ஊர். இங்கே ரப்பரைவிடத் தென்னையும் செம்பனையும் நெல்லும்தான் கண்ணில் படும். நிலம் தாழ்வு. கடல் பாசாங், அதாவது ஏற்றம், வரும்போது தண்ணீர் நிலத்துக்கு மேலே நிற்கும், கரை கட்டித்தான் தடுத்திருக்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நான்கு மீட்டரை ஒட்டிய வேறுபாடு உண்டு. இந்த நிலத்தில் பயிர் செய்வதே பொறியியல். கரையில் கீல் வைத்துத் தொங்கவிட்ட மதகுக் கதவு கடல் ஏறும்போது வெளித்தண்ணீரின் அழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும். சூரூட் என்னும் இறக்க நேரத்தில் உள்தண்ணீர் தள்ளித் தானே திறக்கும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம். சுங்கை பெசாரில் வளரும் பிள்ளைக்கு நிலவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைப் புத்தகப் படத்தில் காட்ட வேண்டியதில்லை. கோயில் நாட்காட்டியையும் மதகையும் ஒரு மாதம் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

வடிகால் கான் வெட்டியவர்களின் அறிவு அதைவிட ஆழமானது. இந்தக் கடலோரக் களிமண்ணில் பல இடங்களில் பைரைட் என்ற இரும்பு கந்தகச் சேர்மம் புதைந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது தீங்கு செய்யாது. கானை ஆழமாக வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்று பட்டு அது கந்தக அமிலமாக மாறும், பனை வாடும். மலாயாவின் அமிலக் களிமண்ணில் செம்பனை படும் பாட்டை 1960களில் மண் விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதினார்கள். கானில் தடுப்பு வைத்துத் தண்ணீர் மட்டத்தை உயர்த்தி, அந்தப் படிவை மூழ்கவைப்பதே தீர்வு என்றானது. துருநிறத் தண்ணீரையும் மண்ணில் தெரிந்த வெளிர்மஞ்சள் திட்டுகளையும் முதலில் கண்டவர் யார்? முழங்காலளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர்.

செம்பனைக் கதையில்தான் எதிர்த்தரப்பின் வாதம் முழுதாக உடைகிறது.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வரும், ஆனால் வெவ்வேறு காலத்தில். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காற்றுதான் கொண்டுபோகிறது என்று பாடநூல்கள் எழுதின, நிபுணர்கள் நம்பினார்கள். ஆனால் மலேசியாவில் காற்று அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை. குலையில் பாதிக் காய் பிடிக்காமல் போனது. அதனால் ஆட்களை வைத்துத் தூவினார்கள், பெரும்பாலும் பெண்களை. என் பெரியம்மா அந்த வேலை செய்தவர். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து உலர்த்தி, டால்கம் மாவில் கலந்து, குழாயில் போட்டு, விரிந்த பெண் பூவின்மேல் ஊதி அடிப்பது வேலை. பெண் பூ ஏற்கும் நிலையில் இருப்பது சில நாட்கள்தான். முந்தினால் வீண், பிந்தினாலும் வீண். மட்டைகளுக்கு நடுவில், முள்ளுக்குள் ஒளிந்திருக்கும் பூ விரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் கேட்டேன். "சோம்பு வாசம் அடிக்கும்டா, அன்னைக்குத் தூவணும்" என்றார்.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் எஸ்ட்ரகோல். செம்பனைப் பூவின் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் அந்த வாசத்தின்மேல்தான் நிற்கிறது. ஆண் பூவின் வாசத்துக்கு ஒரு கூன்வண்டு வருகிறது, அதில் தின்று, முட்டையிட்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு கிளம்புகிறது. பெண் பூவும் அதே வாசத்தை விடுவதால் ஏமாந்து அங்கேயும் போகிறது. காய் பிடிக்கிறது. அந்த வண்டு ஆப்பிரிக்காவில் இருந்தது, மலேசியாவில் இல்லை. செம்பனை கடல் கடந்து வந்தபோது வண்டு கூட வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க வழி திறந்தது எந்த ஆய்வுக்கூடமும் இல்லை. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி 1950களில் கேமரூனில் வேலை செய்தபோது பூக்களில் வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார். பிறகு சபாவுக்கு மாறி வந்தார். இங்கே வண்டும் இல்லை, காயும் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். காற்றுதான் என்று நிபுணர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. 1970களில் யூனிலீவர் தோட்டப் பிரிவின் பெரிய பொறுப்புக்கு வந்ததும், பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையதிடம் அந்த ஆய்வை ஒப்படைத்தார். சையது கேமரூனில் பூக்களை மூடிவைத்துச் சோதித்தார். பூச்சி போக முடியாதபடி தடுத்தால் காய்ப்பிடிப்பு விழுந்தது. வண்டு வேறு பயிர்களைத் தாக்குமா என்றும் பார்த்த பிறகுதான் இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் வண்டுகளை விட்டார்கள். அவை பரவிய வேகத்தில், கையால் மகரந்தம் தூவும் வேலை மலேசியத் தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. பாடநூல் தவறு, தோட்டத்தில் நின்று பார்த்த கண் சரி என்று முடிந்தது.

டேவிட்சன் விஞ்ஞானி இல்லை. பூவைப் பார்த்தார், சந்தேகப்பட்டார், கேட்டார். என் பெரியம்மாவும் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களும் அவரைவிட நெருக்கமாக, நாள் தவறாமல் அந்தப் பூக்களுக்கு எதிரே நின்றவர்கள். வாசத்தை அறிந்திருந்தார்கள், விரியும் நாளை அறிந்திருந்தார்கள், நல்ல காற்றடித்த வாரத்திலும் காய் பிடிக்காமல் போவதைப் பார்த்திருந்தார்கள். கேள்வி டேவிட்சனுக்கு மட்டும்தான் வந்தது என்று நான் நம்பவில்லை. அவர் கேட்டால் பதில் தேட ஆள் இருந்தது, பணம் இருந்தது. பெரியம்மா கேட்டிருந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "பேசாம வேலையப் பாரு" என்று சொல்லியிருப்பார். தோட்டத்தில் அறிவியல் ஆர்வம் இல்லை என்று எழுதுகிறவர்கள், கேள்வி கேட்டவரின் பெயர் மறுநாள் பெரட்டில் வாசிக்கப்படாமல் போகக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடமும் அந்த ஆர்வத்துக்கு உதவவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ன் தொழிலாளர் சட்டம் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தியது. ஆசிரியர் தகுதியைப் பற்றி அது கவலைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் நடத்திய பள்ளிகள் ஏராளம். தோட்ட முதலாளிக்கு வேண்டியது கையின் துல்லியம். அந்தக் கைக்குரியவர் காரணம் கேட்பது அவருக்குத் தேவையாக இருக்கவில்லை. ஆகவே ஆர்வம் இல்லாமல் போகவில்லை, அதற்கு வழி அடைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நம் சமூகத்தின் பேச்சாளர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வலி.

நான் லயத்து வாழ்க்கையை அழகுபடுத்த வரவில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் அரிசிக்குக் கடன் சொன்ன வீடுகளில் நின்று கொண்டு ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது கடினம். உடம்பு அசந்து விழும் மனிதருக்குக் கேள்வியை வளர்த்தெடுக்க நேரம் கிடைக்காது. ஆனால் நேரம் கிடைக்கவில்லை என்பதும் அறிவு இல்லை என்பதும் ஒன்றல்ல.

எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அணுவும் விமானமும் நம் முன்னோர்கள் அன்றே கண்டவை, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான் என்பார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இல்லாத விமானத்துக்குப் பெருமைப்படுகிறவர், நாற்பது ஆண்டுக்கும் முன்னால் தன் அத்தை கையில் இருந்த மகரந்தக் குழாயை மறந்துவிடுகிறார். இரண்டு கூட்டமும் ஒரே தவற்றைச் செய்கின்றன. கண் எதிரே நடந்த, பலராலும் பார்க்கப்பட்ட, சரிபார்க்கக்கூடிய அறிவை இருவருமே மதிப்பதில்லை.

மொழி விவாதத்திலும் இதே நோய் இருக்கிறது. 2003ல் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கினார்கள். 2009ல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2016ல் இருமொழித் திட்டம் வந்து தமிழ்ப்பள்ளிகளில் பெரிய சர்ச்சையானது. பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாகக் கற்க வேண்டும், ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க அது வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "தமிழில் அறிவியல் பேச முடியாது" என்று ஒருவர் சொல்லும்போது, பால் ஸ்டோரில் கோல் ஏன் மேலே எழும்புகிறது என்று அரை நூற்றாண்டாக நடந்த வாக்குவாதம் எந்த மொழியில் நடந்தது என்று அவரிடம் கேட்க விரும்புகிறேன். பிள்ளை முதல் கேள்வியை வீட்டு மொழியில்தான் கேட்கும். அந்த வயதில் அதை மாற்று மொழிக்குத் தள்ளினால் கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

பதக்கப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. விடுமுறையிலும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்காருகிறவர்கள் அவர்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன். நம் பிள்ளைகளின் ஆய்வுத் திட்டங்களில் ஏன் உணரிகளும் கைப்பேசிச் செயலிகளும் மட்டுமே இருக்கின்றன? உறிஞ்சுகுழலின் அடியில் களிமண் உருண்டை வைத்து ஒரு மிதவைக் கோல் செய்து, தண்ணீரிலும் உப்புநீரிலும் எண்ணெயிலும் மிதக்க விட்டால் மெட்ரோலாக்கின் முழு அறிவியலும் ஒரு வகுப்பு நேரத்தில் விளங்கிவிடும். எலி ஒழிப்புக்காகச் செம்பனைத் தோட்டங்களிலும் செகிஞ்சான் வயல்களிலும் கூகைக்குக் கூடு வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் விழுந்து கிடக்கும், கூகை கக்கிய உருண்டையைப் பிரித்தால் எலி எலும்புகளை எண்ணலாம். வீட்டில் அபசகுனம் என்று விரட்டப்படும் பறவை தோட்டத்துக்கு என்ன செய்கிறது என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும். மதகுக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது என்று ஒரு மாதம் குறித்தால், அது நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நிலவு ஏன் தினமும் தாமதமாக எழுகிறது என்ற கேள்வி அப்புறம் தானாக வரும். இவற்றுக்கு இணையமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. "அவங்களுக்கு அறிவியல் தெரியாது" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை மேடைக்குக் கூப்பிட்டு, விடியும் முன் ஏன் வெட்டினீர்கள், எவ்வளவு ஆழம் வெட்டினீர்கள், எப்படித் தெரிந்தது என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பதிலைப் பிள்ளையின் அறிவியல் நோட்டில் எழுத வையுங்கள். சரியா என்று சோதித்துப் பார்க்கவும் சொல்லுங்கள். பாட்டி சொல்வதெல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை, சோதித்தால் போதும்.

1980ல் இருபது வயதில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவியவர் அறுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார். அந்த வேலையைச் செய்த கடைசித் தலைமுறை அவர்தான். தோட்டத்தை விட்டு வந்து இன்று சுங்கை பெசாரிலும் தஞ்சோங் காராங்கிலும் கோலசிலாங்கூரிலும் தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள்.